அவர் எனக்கு வாசித்துக் காட்டிய படங்கள்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். இரண்டு முறை நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டேன். இரண்டு முறையும் சுழியோடு நின்றுவிட்டேன். அதில் ஒரு நோட்டு பிறகு பாசார் சாமான் எழுதப் போய்விட்டது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். முருகன் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்துவிட்டு, அது சினிமா வழியாக வந்தது என்று எப்படிச் சொல்வது? அதுவும் யாரோ எந்தத் தேசத்திலோ எடுத்த, பாட்டும் சண்டையும் இல்லாத சினிமா. அதைவிடப் பெரிய காரணம், இந்த நன்மைக்கு நடுவில் நான் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. ஒரு நாள் சொல்லி விட்ட பொய் இல்லை. வாரா வாரம் சாமி கும்பிட்டுவிட்டு வந்து சொன்ன பொய்.

இப்போது என் வீட்டுக்காரரே எழுதச் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியில் ஒரு வருடம் உட்கார்ந்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு என்ற இடத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் இருபத்தெட்டு வருடம் தகரம் அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். அதனால்தானோ என்னவோ, ஓய்வு பெற்ற இரண்டாம் வருடத்தில் காது முழுதாகப் போய்விட்டது. காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட்டால் குழாய்த் தண்ணீரும் மனுஷர் பேச்சும் மோட்டார் சைக்கிளும் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக வருகிறது என்றார். ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

அதற்கு முன் அவர் எப்படி இருந்தார் தெரியுமா? ஓயாமல் பேசுகிறவர். தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் போட்டால், அவன் இப்போது இப்படிச் செய்வான், இவள் அழப்போகிறாள், அந்த வீடு நிஜ வீடு இல்லை அட்டை என்று கூடவே பேசிக்கொண்டிருப்பார். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சொல்வாள், "அப்பா, கொஞ்சம் படத்தையும் பேச விடுங்கப்பா."

காது போனதும் அந்த வாயும் போய்விட்டது. கோயிலுக்கு வரமாட்டார், காப்பிக் கடைக்குப் போகமாட்டார். காலையில் "தண்ணி" என்பார். சாயங்காலம் "கதவு" என்பார். மற்ற நேரம் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவேன். அவர் படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். வாயால் பேசலாமே, நாக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். அதற்கும் தலையாட்டினார்.

எங்கள் நாட்டில் தமிழ்ப் படத்துக்குக் கீழே மலாயில் எழுத்து ஓடும். சரிகாத்தா என்பார்கள். அவர் ஐந்தாம் படிவம் வரை மலாயில் படித்தவர், கடகடவென்று வாசிப்பார். அதனால் ஒரு நாள் தமிழ்ப் படம் போட்டு, கீழே வரும் எழுத்தைக் காட்டினேன். கால் மணி நேரம்கூட இல்லை, எழுந்து தொலைக்காட்சியை அடைத்துவிட்டார். அன்றைக்குப் பேசியதுதான் அந்த மாதத்திலேயே அவர் பேசிய நீளமான பேச்சு.

"அந்தம்மா 'என் ராசா'ங்கிறா. வாயசைப்பு எனக்குத் தெரியுது. கீழ பார்த்தா 'அனாக்'னு, வெறும் பிள்ளைன்னு போட்டிருக்கான். எம்பாஷைய நான் மலாயில படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா? வேணாம்லா, விடு."

அதன் பிறகு எங்கள் வீட்டில் படம் கிடையாது. அந்த வருடம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறினேன். முட்டி வலிக்கும். அப்பனே, அவர் காதைத் திருப்பிக் கொடு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இந்த வீட்டில் நான் தனியாகத்தான் சாகப்போகிறேன் என்ற பயம் வந்துவிட்டது. ஒருவர் கூடவே இருந்தும் தனி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருடைய மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யச் சூலியா தெருவுக்குப் போனோம். திரும்பும்போது பெரிய மழை. கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கினோம். சாரல் அங்கேயும் அடித்தது. பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சீனப் பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"மாசோக் லா, ஆன்ட்டி. பெர்ச்சுமா" என்றார். உள்ளே வாங்க, காசு வேண்டாம் என்கிறார்.

என்னவென்று தெரியாமலே மாடியேறினோம். பழைய கடைவீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி. அதில் ஏதோ குளிர் தேசத்துப் படம். புல்வெளி, ஆடுகள், ஒரு வேலி. வேலியை ஒருவன் கட்டுகிறான், கட்டுகிறான், கட்டிக்கொண்டே இருக்கிறான். மழை விட்டதும் போய்விடலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

கீழே மலாய் எழுத்து வந்தது. எனக்குப் பாசாரில் மலாய் பேசத் தெரியும். வாசிக்கத்தான் மெதுவாக வரும். முதல் சொல்லைக் கூட்டிப் படிப்பதற்குள் வரி ஓடிவிட்டது. படத்தில் வீட்டுக்காரி ஓடி வந்து ஏதோ கத்தினாள். பழைய பழக்கத்தில் அவர் கையைத் தட்டித் திரையைக் காட்டி, "என்னங்க, என்ன சொல்றா?" என்று கேட்டுவிட்டேன். காது கேளாத மனுஷரைக் கேட்கிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் அவர் என் விரல் திரையைக் காட்டியதைப் பார்த்துவிட்டார்.

"ஆடு ஒண்ணக் காணோமாம்" என்றார்.

காது கேளாதவருக்குத் தன் சத்தம் தெரியாது. மாடி முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வரியும் வந்தது. "நேத்தே வேலியக் கட்டச் சொன்னேனேங்கிறா." அடுத்தது. "அவன் சும்மா இருக்கான். சோம்பேறிலா இவன்."

முன் வரிசையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "மாச்சாம் ராடியோ" என்றார். வானொலி மாதிரி இருக்கிறதாம். யாரும் கோபப்படவில்லை. அந்தச் சீனப் பெண்மணி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் வீட்டுக்காரர் அந்தப் படம் முழுவதையும் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். மழை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஒன்று விளங்கியது. அந்த ஆட்டுக்காரர்கள் பேசியது அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அந்த மாடியில் நாங்கள் இரண்டு பேரும் சரிசமமான செவிடு. தமிழ்ப் படத்தில் எனக்குக் கிடைப்பது அவருக்குக் கிடைக்காது. இங்கே அவருக்குக் கிடைத்ததுதான் எனக்கும். இன்னும் சொன்னால், அவர் கொடுத்தால்தான் எனக்கு.

மகளிடம் சொன்னேன். அவள் அடுத்த லீவில் வந்து தொலைக்காட்சியில் அந்த மாதிரிப் படங்கள் வரும்படி வைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எங்களுக்குப் படம்.

என்ன படம் பார்க்கலாம் என்று இப்போது பலர் என்னைக் கேட்கிறார்கள். பெயர்கள் என் வாயில் நுழையாது, நினைவிலும் நிற்காது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பாஷையாக இருக்க வேண்டும். முன்பக்கப் படத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது. வயதான முகம் ஒன்று இருந்தால் நல்லது. முதல் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்காது, எழுந்துவிடாதீர்கள். அவர்கள் உங்களுக்கு அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

அக்கா தங்கை இரண்டு பேர் ரொட்டி சுடும் படம் ஒன்று பார்த்தோம். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆனால் அடுப்பு ஒன்றுதான். காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி. கடைசியில் சமாதானம் ஆவார்கள் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. ஒருத்தி அடுப்பை அணைக்காமல் மற்றவளுக்காக விட்டுவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். நான் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தீவுக்குப் படகு ஓட்டும் ஒருவன் தன் மகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்ளும் படம் ஒன்று. அதைப் பார்த்த மறுநாள் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, பெர்ரி ஏறிட்டு வரலாம்" என்றார். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை படகில் போய் இறங்காமலே பார்த்துவிட்டுத் திரும்ப வந்தோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவராக வெளியே கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

கெட்ட காட்சியும் சில படத்தில் வரும். மறைக்க மாட்டேன். அப்போது அவர், "இங்க ஒண்ணும் எழுதல. போய் டீ போடு" என்பார். நான் போய்விடுவேன். முடிந்ததும் "வரலாம்லா" என்று சத்தம் கொடுப்பார். மூன்று மாடிக்குக் கேட்கும்.

இனி என் பொய்க்கு வருகிறேன்.

வாரம் ஒரு படம் பார்த்தால் யாருக்கும் வாசிப்பு வேகமாகும். ஏழெட்டு மாதத்தில் எனக்குச் சரிகாத்தா ஓரளவு பிடிபட்டுவிட்டது. வருடம் முடிவதற்குள் வரி ஓடுவதற்கு முன் படித்து முடித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாசிப்பதை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் மறுபடி "தண்ணி", "கதவு" என்றாகிவிடும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் விரலால் திரையைக் காட்டி, என்ன சொல்றா என்று கேட்டேன். "நீயும் கத்துக்கயேன்" என்று ஒரு நாள் சொன்னார். "எனக்கு வராது" என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். என் கையெழுத்தில் எழுதிய பொய் அது.

படிக்கத் தெரிந்தபிறகு இன்னொன்றும் தெரிந்தது. அவர் அப்படியே வாசிப்பதில்லை. கூட்டுவார், குறைப்பார். ஒரு படத்தில் கிழவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் மனைவி வீட்டில் அவருக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி வருகிறது. கீழே மலாயில், உங்கள் கணவர் இன்று காலை இறந்துவிட்டார் என்று போட்டிருந்தது. நான் படித்துவிட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எனக்குச் சொன்னார், "அவருக்கு இன்னும் கொஞ்சம் முடியலையாம். அங்கயே இருக்கட்டுமாம்."

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். எனக்கு வலிக்கக் கூடாது என்று ஒரு மனுஷர் செத்தவரைச் சாகாமல் வைத்திருக்கிறார். நானோ அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். நான் வேண்டியது காது, கிடைத்தது குரல். எதைக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பொய்யை மட்டும் படிக்கு ஒன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறினேன்.

கோயிலில் என்னோடு பூக்கட்டும் அக்கா ஒருவர் விடவில்லை. "காதுதான் வரலையே, அப்புறம் எதுக்குடி பால்குடம்?" என்று கேட்டார். வெளிநாட்டுப் படம் பார்க்கிறோம், அவர் இப்போது பேசுகிறார் என்று மட்டும் சொன்னேன்.

"ஐயையோ, அந்தக் கண்றாவியையா பார்க்கிறே? சாமி பார்த்துக்கிட்டிருக்காருடி."

"சாமியும் கூட உட்கார்ந்துதான் பார்க்கிறாருக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

விடவில்லை. அந்த அக்கா தன் நாத்தனாரிடம் சொல்லி, நாத்தனார் இன்னொருவரிடம் சொல்லி, பேச்சு பட்டர்வொர்த்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் கதவைத் தட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண். கூட அவள் கணவர், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. அவள் கையில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த தட்டு.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. ஒங்க வீட்டு அண்ணனுக்குக் காது திரும்பிருச்சுன்னு சொன்னாங்க. இவருக்கும் மூணு வருஷமாக் கேக்கல. எந்தப் படம்கா பார்த்தீங்க? எத்தனை வாரம் பார்க்கணும்? விரதம் இருக்கணுமா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெர்ரி ஏறி, பஸ் பிடித்து, நம்பி வந்திருக்கிறாள். அவள் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். "யாரு? என்னவாம்?" என்று உரக்கக் கேட்டார்.

நோட்டை எடுத்து எழுதினேன். உங்களுக்குக் காது கேட்டுவிட்டது என்று ஊரில் சொல்கிறார்களாம். இவருக்கும் கேட்க என்ன படம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு இடி விழுந்தாலும் கேக்காதும்மா. யாரு இப்படிக் கதை கட்டுனது?"

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. தட்டை மேசை மேல் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "அப்ப என்னதான்கா நடந்துச்சு? இவ்வளவு நல்லாப் பேசறாங்களே. எங்க வீட்டுல இவரு வாயே தொறக்கறதில்ல."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவர் வாசிக்கிறார், நான் கேட்கிறேன் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள், பேச்சிலேயே தெரிந்தது. வீட்டுக்குப் போய் அவளும் தன் கணவரோடு சேர்ந்து கடகடவென்று படிப்பாள். இரண்டு பேரும் ஊமையாகப் படம் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. மருந்து படத்தில் இல்லை, எனக்குப் படிக்கத் தெரியாது என்பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் அனுப்பினால் வெறுங்கையோடு அனுப்பியதாகும்.

சொல்லிவிட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியும்மா. தெரியாதுன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அதனாலதான் அவர் பேசறார்."

அவர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொன்னே? எழுது" என்றார்.

முருகா என்று ஒரு தரம் சொல்லிவிட்டு எழுதினேன். எனக்கு மலாய் படிக்க வரும். ஒரு வருடத்துக்கு மேலாக வரும். உங்கள் குரல் போய்விடும் என்று பயந்து பொய் சொன்னேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு இன்னொரு தரம் படித்தார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"அந்தப் படத்துல, சட்டை தேய்க்கிற படத்துல, கிழவர் செத்துட்டார்னு நான் சொல்லவே இல்லையே. நீ எதுக்கு அப்படி அழுத?"

பதில் எழுத நோட்டைத் திறந்தேன்.

"அன்னைக்கே தெரியும்லா" என்றார். "நான் நிறுத்தினா நீயும் என்ன சொல்றான்னு கேக்கறத நிறுத்திருவியோன்னுதான் சும்மா இருந்தேன். வீட்டுல என்கிட்ட ஏதாச்சும் கேக்கறது நீ ஒருத்திதான்."

அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் கணவருக்கு ஒன்றும் விளங்காமல் எல்லோரையும் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தொலைக்காட்சியைப் போட்டார். மலைக்கிராமத்தில் ஒரு தபால்காரன் படம். என்னிடம் திரும்பி, "வழக்கம்போலக் கேளு. ஆனா இனிமே நான் சொல்லி முடிச்சப்புறம் அழு" என்றார்.

தபால்காரன் முதல் கடிதத்தைக் கொடுத்தபோது அந்தப் பெண் தன் கணவரின் கையைத் தட்டித் திரையைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். மறுபடி தட்டினாள். "கடன் கேட்டு எழுதியிருக்கானாம்" என்றார். என் வீட்டுக்காரர் அதே வரியைத் தன் பாணியில் உரக்கச் சொன்னார். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரே படத்துக்கு இரண்டு பேச்சு ஓடியது.

அந்த வாழைப்பழத்தை முருகனுக்கு வைத்துவிட்டுப் பகிர்ந்து சாப்பிட்டோம்.

அப்பனுக்கும், மழைக்கும், கதவைத் திறந்த அந்தச் சீனப் பெண்மணிக்கும், எங்கேயோ ஆடுகளை நிறுத்தி வைத்துப் படமெடுத்த முகம் தெரியாத பிள்ளைகளுக்கும் நன்றி சொல்லத்தான் எழுதினேன். இதைப் படிப்பவர்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒருவர் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் இதைக் கொடுங்கள், இருக்கிறபடியே கொடுங்கள். காது கேட்டது என்று தயவுசெய்து சேர்க்க வேண்டாம். கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. நான் பொய் சொன்னேன் என்பதையும் எனக்காக இரக்கப்பட்டு எடுத்துவிட வேண்டாம். கூட்டவும் குறைக்கவும் எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் உரிமை.